கடல் ஒத்துவராத இரத்தம்

மதிப்புக்குரிய ஐயா,

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்த நான் இப்போது ரொறன்ரோவில் வசிக்கிறேன். கனேடியக் கடற்படையில் சேர்ந்த என் மகன், ஹலிபக்ஸ் வகைப் போர்க்கப்பலொன்றில் முதன்முதலாகக் கடலுக்குப் போயிருக்கிறான். மூன்று நாட்களாகச் சத்தி. மூன்றடுக்குக் கட்டிலில் உறக்கமும் இல்லை. விலகிவிடலாமா என்று எழுதியிருக்கிறான். நாங்கள் வயல் செய்த பரம்பரை, கடல் எங்கள் இரத்தத்துக்கு ஒத்துவராது. திரும்பி வரச் சொல்லவா?

அன்புள்ள நண்பருக்கு,

தலையும் வயிறும் ஒருசேரக் கைவிட்ட நிலையிலும் தன் முறை வந்ததும் எழுந்து வேலைக்குப் போகிற பிள்ளையை நினைத்து நீங்கள் பெருமைப்படலாம். உட்காது ஆட்டத்தை உணர, மூடிய அறைக்குள் இருக்கும் கண் எதுவும் அசையவில்லை என்று சொல்ல, இரண்டுக்கும் நடுவில் மூளை தடுமாறுவதுதான் கடல் மயக்கம். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாட்களில், மிஞ்சிப்போனால் இன்னும் சில நாட்களில் தணிந்துவிடும். வெறும் வயிற்றோடு கிடக்காமல், மேல்தளத்துக்குப் போக வாய்க்கும்போதெல்லாம் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை கேட்க வெட்கப்பட வேண்டாம். கடற்படை என்றதும் நம் ஊரில் எழும் கசப்பைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது வேறு கடற்படை, வேறு கணக்கு.

ஆனால் அந்த இரத்தக் கதையை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. நான் கரைவலை இழுத்த குடும்பத்தில் பிறந்தவன். 'அவர்களுக்குக் கடல் இரத்தத்திலேயே இருக்கிறது' என்று வயல்காரப் போடியார் வீடுகளில் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். பாராட்டுப் போலத் தோன்றும் அந்தப் பேச்சுக்குள் இருந்தது, அவர்கள் கடலிலேயே கிடக்கட்டும், அவர்களுக்கு வலிக்காது என்ற எண்ணம்தான். என் மச்சான் வாழைச்சேனையிலிருந்து பலநாள் படகில் முதன்முதலாகப் போனபோது, ஐஸ் அறையின் மூடிமேல் குப்புறக் கிடந்து, மஞ்சள் பித்தம் வரும்வரை சத்தி எடுத்தார். உங்கள் மகனின் கப்பல் 134 மீற்றர் நீளம். அந்தப் படகு அதில் பத்தில் ஒரு பங்குதான் வரும். அவர் சத்தி எடுத்ததற்காக யாரும் படகைத் திருப்பவில்லை. கையில் ஒரு தேசிக்காயைக் கொடுத்து, மணந்து பார்த்தபடியே தூண்டில்களுக்கு இரை கொழுவச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடலில் கிடந்த எங்கள் பரம்பரை அவருக்கு ஒரு மணித்தியாலச் சலுகைகூட வாங்கித் தரவில்லை.

பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனே வாழ்நாள் முழுவதும் கடல் மயக்கத்தால் அவதிப்பட்டவர். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் இன்றும் மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கிறது. அதில் 307 பேர் மாண்டார்கள். அந்த இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படை, கடலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தொழிற்சாலை நகரத்துப் பையன்களையும் சேர்த்துக்கொண்டது. பரம்பரை விசாரித்து ஆளெடுக்கவில்லை. உழவர் பிள்ளை உழுவதும் கடலோடி பிள்ளை கடலுக்குப் போவதும் வேறு வழி விடப்படாததால் நடந்தவை. அதை இரத்தத்தின் கணக்கில் எழுதி, கனடா வரைக்கும் காவிக்கொண்டு போயிருக்கிறீர்களே!

திரும்பி வரச் சொல்லவா என்று கேட்டிருந்தீர்கள். இந்தப் பயணம் முடியும்வரை எதுவும் சொல்லாதீர்கள். கரை சேர்ந்து, நன்றாக உறங்கி எழுந்தபின் தம்பியே முடிவெடுக்கட்டும். விலகினாலும் குற்றமில்லை, ஆனால் அதற்குக் காரணமாக உங்கள் வயலைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.