சாலையோர விநோதக் காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவற்றைத் தெளிவாகப் படமெடுப்பது எப்படி?

எந்த இடம் என்று நீங்கள் சொல்லவில்லை. நியூ மெக்சிகோவில் சாண்டியா மலைப்பக்கம் உள்ள டிங்கர்டவுன் என்ற காட்சியகத்தை வைத்துச் சொல்கிறேன். ராஸ் வார்ட் கையால் செதுக்கிய குட்டி ஊரும் சர்க்கஸும் அங்கே கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. கைப்பேசியில் எடுத்திருப்பீர்கள், பொம்மைகள் மேல் உங்கள் சட்டையே விழுந்திருக்கும்.

முதலில் ஃபிளாஷை அணையுங்கள். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டுங்கள். கேமராவுக்கு லென்ஸ் முனையில் மாட்டும், மடங்கும் ரப்பர் ஹூட், கைப்பேசிக்கு லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி. அறை வெளிச்சம் உள்ளே புகாவிட்டால் பிரதிபலிப்பே கிடையாது. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் வடிகட்டி) வாங்கச் சொல்பவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: நேருக்கு நேர் நின்றால் அதனால் பயனில்லை. கண்ணாடித் தளத்துக்குச் சுமார் 35 டிகிரி சாய்வில் பார்த்தால்தான் பிரதிபலிப்பை நன்றாக வெட்டும். அதோடு ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போய்விடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி).

எடிட்டிங்கில் அழித்துக்கொள்ளலாமே என்று யாராவது வருவார்கள். பிரதிபலிப்பில் வெளுத்துப்போன இடத்தில் விவரம் பதிவாகியே இருக்காது. செயலி அங்கே தானாக எதையாவது வரைந்து நிரப்பும். அது ராஸ் வார்ட் செதுக்கிய முகம் அல்ல.

பொம்மைகள் சிறியவை, கிட்டத்தில் இருப்பவை. லென்ஸ் துவாரத்தை அகலமாக, எஃப் 2.8-ல் வைத்தால் ஒரு மூக்கு மட்டும் தெளியும். துவாரத்தைச் சுருக்கி எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, ஷட்டர் வேகம் 1/60 விநாடியில் தொடங்குங்கள். இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். அசையும் பொம்மைகளுக்கு 1/120. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த இரண்டு வேகங்களில் விளக்குகள் படத்தில் பட்டை போடாது. நம்மூர் கைப்பேசியில் ஃபிளிக்கர் (விளக்கின் மினுக்கலைத் தவிர்க்கும்) அமைப்பு 50 ஹெர்ட்ஸில் இருந்தால் வீடியோவில் கறுப்புக் கோடு ஓடும், மாற்றிவிடுங்கள். ஃபோகஸ் கண்ணாடியின் கைரேகையில் போய் நிற்கும்; பொம்மையின் கண்ணைத் தொட்டுப் பூட்டுங்கள். லென்ஸ் பொம்மையின் கண்மட்டத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் ஊர் மேசைப் பொருளாகிவிடும்.

அங்கே 50,000-க்கும் மேற்பட்ட பாட்டில்களைச் சிமெண்டில் பதித்த சுவர்களும் உண்டு; அவை வேறு கணக்கு. வெயில் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும்போது எடுங்கள். எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) 5500 கெல்வினில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் பச்சையும் பழுப்பும் வெளுத்துப்போகும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ராஸ் வார்டின் ஏறக்குறைய 40 ஆண்டு உழைப்பைப் படமெடுத்து "பேய்ப் பொம்மைகள்" என்று தலைப்பிட்டுப் போடுகிறார்கள், செய்தவர் பெயர் எங்கும் இல்லை. அவர் 2002-ல் காலமானவர், வந்து கேட்கமாட்டார். படத்தின் கீழே பெயரைப் போடுங்கள்.

குளிர்காலத்தில் மூடியிருக்கும். தேதி பார்த்துக் கிளம்புங்கள்.