வலசைப் பறவைகள் கிளம்பியாச்சு, பைனாகுலரை என்ன செய்ய?

கேள்வி: பாளையங்கோட்டையில் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் தினமும் காலையில் நடக்கிறேன். ஜனவரியில் பைனாகுலர் வாங்கிப் பறவை பார்க்க ஆரம்பித்தேன். ஏப்ரல் கடைசியில் பாதிப் பறவைகளைக் காணோம். இனி அக்டோபர் வரை சும்மா இருக்க வேண்டியதுதானா?

வேண்டாம். இப்போதுதான் நம்மூர்ப் பறவைகளைப் படிக்க நல்ல நேரம். குளிர்காலத்தில் வலசை வந்தவையும் உள்ளூர்ப் பறவைகளும் கலந்திருப்பதால், புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள்.

மின்கம்பியில் பஞ்சுருட்டான் இருந்தால் நின்று பாருங்கள். பெரிய உடம்பு, செம்பழுப்புத் தொண்டை, நீல வால் உள்ளது விருந்தாளி, இந்நேரம் போயிருக்கும். சின்னதாக, தொண்டையில் மெல்லிய கறுப்புக் கோட்டோடு இருப்பது பச்சைப் பஞ்சுருட்டான். அது எங்கேயும் போகாது. மண்கரையில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். புதருக்குள் நாக்கைத் தட்டுவதுபோல் சத்தம் கொடுத்த நாணல் கதிர்குருவியும் வடக்கே ஆசியாவின் உள்பகுதிக்குக் கிளம்பிவிட்டது. கடைசியாக என்றைக்குக் கேட்டீர்கள் என்று நினைவிருந்தால் உடனே டைரியில் எழுதிவையுங்கள். முதலில் வந்த நாளைப் பலரும் குறிக்கிறார்கள், கடைசி நாளைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இனி கண்ணைவிடக் காது முக்கியம். 'டுக் டுக் டுக்' என்று விடாமல் கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான். சத்தம் ஒருதரம் வலப்பக்கமும் ஒருதரம் இடப்பக்கமும் கேட்பதுபோல் இருக்கும், ஆனால் பறவை ஒரே கொப்பில்தான் இருக்கும். பட்டுப்போன உச்சிக் கொப்பாகத் தேடுங்கள். அகப்பட்டதும் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பாருங்கள்: அலகு மூடியே இருக்கும், ஒவ்வொரு கூவலுக்கும் தொண்டை உப்பும், தலை இப்படியும் அப்படியும் திரும்பும். சத்தம் இடம் மாறுவதுபோல் தோன்றுவது அதனால்தான். நான் இதை முதலில் கண்ட நாளில் நடைப்பயிற்சியையே மறந்துவிட்டேன்.

அப்புறம், காக்கைக் கூடுகளையும் கவனியுங்கள். குயில் அவற்றில் முட்டையிடும் காலம் இது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியுள்ள பெண்குயில் கூட்டுப் பக்கம் பதுங்கும், கறுத்த ஆண்குயில் தூரத்தில் கூவும். கூட்டுக்குக் கீழே போய் நிற்காதீர்கள், போட்டோவுக்காகக் கொப்பை வளைக்கவும் கூடாது. தாய்க்காக்கை பயந்து விலகினால், இந்த வெயிலில் குஞ்சு தாங்காது.

காலை ஆறு முதல் ஏழரை போதும். ஒரே மரத்தடியில் 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எல்லாம் எழுதுங்கள், காக்கை மைனா உட்பட. அப்படி முழுப்பட்டியல் எழுதினால்தான் 'இன்று இது இல்லை' என்பதும் தகவலாகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்வாருங்கள். வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டப் போயிருக்கும்; குளத்தில் தண்ணீர் இருந்தால் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் மரங்களிலேயே குஞ்சுகளோடு இருக்கும்.

அக்டோபர் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆகஸ்டிலேயே சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் திரும்ப ஆரம்பிக்கும். புது பஸ் ஸ்டாண்டு பக்கம் வேய்ந்தான்குளத்தில் சேறு தெரிகிற இடமாகப் பாருங்கள்.