மண்ணீரலை எடுக்கச் சொல்கிறார்களா? வன்னிப் பெற்றோரின் கேள்விகளுக்குச் சிறுவர் சத்திரசிகிச்சைப் பிரிவுத் தாதியின் பதில்கள்

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய்: அக்கா, மகனுக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை நோய். வீங்கிய மண்ணீரலை லப்பரஸ்கோப்பி முறையில் எடுக்கலாம் என்கிறார்கள். அவ்வளவு பெரிய உறுப்பு சின்னத் துளையால் எப்படி வெளியே வரும்?

வயிற்றில் மூன்று அல்லது நான்கு துளைகள் இடுவார்கள். பெரும்பாலும் 5 முதல் 12 மில்லிமீற்றர் அளவு. காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உப்பவைத்து, கமராவை உள்ளே செலுத்தி, திரையைப் பார்த்தபடியே வேலை நடக்கும். இரத்தக் குழாய்களை அடைத்துத் துண்டித்ததும் மண்ணீரலை உள்ளே வைத்தே ஒரு பையில் இடுவார்கள். பையின் வாயைத் துளைவழியே வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, பைக்குள்ளேயே சிதைத்துத் துண்டு துண்டாக எடுப்பார்கள். ஒரு துண்டு சிந்தினாலும் அது வயிற்றுக்குள் ஒட்டி வளரக்கூடும். அதனால்தான் இந்தக் கட்டத்தில் யாரும் அவசரப்படுவதில்லை. மண்ணீரல் மிகப் பெரிதாக இருந்தாலோ இரத்தப்போக்கு அடங்காவிட்டாலோ வயிற்றைத் திறக்க நேரும். அதற்கும் சேர்த்தே உங்களிடம் கையொப்பம் வாங்குகிறார்கள்.

மல்லாவியிலிருந்து ஒரு தந்தை: எடுத்தபின் இரத்தம் ஏற்றத் தேவையில்லைதானே?

தலசீமியா மேஜர் எனும் கடுமையான வகை என்றால் தேவை, ஐயா. ஏற்றும் அளவு குறையும், அவ்வளவுதான். இரத்தம் ஏற்றுவதால் உடம்பில் சேரும் இரும்பை அகற்றும் மருந்தையும் நிறுத்தக்கூடாது. முறையாக இரத்தம் ஏற்றிவந்தால் பல பிள்ளைகளுக்கு மண்ணீரலை எடுக்கும் நிலையே வராது. ஆகவே கிளினிக் தவணையைத் தவறவிடாதீர்கள். செங்குருதிக் கலங்கள் உருண்டையாகிவிடும் பரம்பரை நோயில் நிலைமை வேறு: மண்ணீரலை எடுத்தால் இரத்தச்சோகை பெரும்பாலும் தணிந்துவிடும்.

ஒட்டுசுட்டானிலிருந்து: மகளுக்குப் பித்தப்பையில் கல்லும் இருக்கிறதாம். இரண்டு சத்திரசிகிச்சையா?

ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிக்கலாம். முன்கூட்டியே ஸ்கான் எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

முல்லைத்தீவிலிருந்து ஒரு தாய்: போன வருடம் எடுத்தார்கள். காயம் இருந்த இடமே தெரியவில்லை. இன்னும் பயப்பட வேண்டுமா?

வேண்டும் அம்மா, காய்ச்சலுக்கு. தழும்பு சின்னதாக இருப்பதால் வீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எனக்குப் பெரிய கவலையே அதுதான். இரத்தத்தில் புகும் சில கிருமிகளை வடிகட்டி அழிப்பது மண்ணீரல். அது இல்லாத பிள்ளைக்கு நியூமோகொக்கஸ் போன்ற கிருமி தொற்றினால் சில மணி நேரத்திலேயே உயிராபத்து வரலாம். இயன்றவரை ஐந்து வயதுவரை பொறுத்திருப்பதும், குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே தடுப்பூசிகளை முடிப்பதும், பிறகு தினமும் பெனிசிலின் கொடுப்பதும் இதற்காகத்தான்.

காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பனடோலுக்கு இறங்கினாலும் புறப்படுங்கள். இரவில் பஸ் இருக்காது. ஓட்டோ வைத்திருக்கும் அயலவர் ஒருவரிடம் இன்றே பேசி வையுங்கள். கிளினிக் கொப்பியின் முன்னட்டையில் “மண்ணீரல் இல்லை” என்று சிவப்பு மையால் எழுதி, வெளிநோயாளர் பிரிவில் வாயைத் திறக்கும் முன்பே அதைக் காட்டுங்கள்.

நாய் கடித்தால் விசர்நாய்த் தடுப்பூசியோடு நிற்காமல் மண்ணீரல் இல்லாததையும் சொல்லுங்கள். அதற்கென நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும். மண்ணீரல் இல்லாத பிள்ளைக்கு மலேரியாவும் ஆபத்தானது. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனாலும் உறவினரைப் பார்க்க இந்தியா போவதாக இருந்தால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: எப்போது பாடசாலைக்கு அனுப்பலாம்?

சிக்கல் ஏதும் இல்லாவிட்டால் சில நாட்களில் வீடு திரும்பலாம். ஓரிரு வாரத்தில் வகுப்புக்கும் போகலாம். ஓட்டமும் பந்தாட்டமும் வைத்தியர் சொன்ன பிறகுதான். முதல் வாரங்களில் வயிற்றுவலி கூடினால் உடனே திரும்பி வாருங்கள். கல்லீரலுக்குப் போகும் நாளத்தில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. வகுப்பாசிரியரிடமும் சொல்லி வையுங்கள்: பிள்ளையின் உடம்பு சுட்டால் பாடசாலை விடும்வரை வைத்திருக்காமல் உடனே உங்களுக்கு அழைப்பெடுக்க வேண்டும்.