மக்கிப்போன மரக்கோட்டையை மண்ணில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மண்ணில் தங்கிய கறையை வைத்துத்தான். கம்பம் நட்ட இடத்தில் மரம் மக்கியபின் எஞ்சும் கருத்த வட்டத்தைக் கம்பக்குழித் தடம் எனலாம். ஒருமுறை தோண்டிய மண், நூற்றாண்டுகள் போனாலும் சுற்றியுள்ள மண்ணோடு ஒன்றிப்போவதில்லை; மரம் மக்கினால் நிறமும் மாறிவிடும். கல்யாணப் பந்தலைப் பிரித்த மறுநாள் வாசலைப் பாருங்கள். கால்கள் நின்ற இடத்தைக் குழிகளே சொல்லும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஜேம்ஸ்டவுன் தீவில் ஆங்கிலேயர் 1607-இல் கட்டிய முக்கோணக் கோட்டை இப்படித்தான் கிடைத்தது. 1994-இல் தொல்லியலாளர் வில்லியம் கெல்சோ அகழத் தொடங்கினார். மேல்மண்ணை மெல்லச் சீவச் சீவ, மஞ்சள் களிமண்ணில் கருவட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. அந்த வரிசைதான் மதில்! நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

கோட்டை முழுவதையும் ஜேம்ஸ் ஆறு அரித்துவிட்டதாகப் பலர் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஆறு கொண்டுபோனது ஒரு மூலையை மட்டுமே.