மேக்ரோ ஒரே ஆளுக்கு ரெண்டு மெயில் அனுப்பிடுச்சு, பில்லும் மாறிப் போச்சு, எங்க தப்பு?

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: எக்செல்ல 180 பேரோட பேரு, மெயில் ஐடி, கட்ட வேண்டிய தொகை, கெடு தேதி இருக்கு, யாரோட பில் பிடிஎஃப் எந்த ஃபோல்டர்ல இருக்குங்கறது இன்னொரு ஷீட்ல இருக்கு. நெட்ல கிடைச்ச மேக்ரோவ (எக்செல்ல வேலைய தானா செய்யற கோட்) ஓட்டினேன், பாதியில எக்செல் ஹேங் ஆயிடுச்சு, மூடிட்டு திரும்ப ஓட்டினேன், இப்ப நிறைய பேருக்கு ரெண்டு தடவ மெயில் போயிருக்கு, ரெண்டு பேருக்கு வேற ஆளோட பில் போயிருக்கு. என்ன பண்ணலாம்?

நீங்க அனுப்பின கோடப் பாத்தேன். அவுட்லுக்கத் திறக்கறது, மெயில் உருவாக்கறது, ஃபைல சேக்கறது எல்லாம் சரியாத்தான் இருக்கு. வில்லன் ரெண்டாவது வரி, 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்'. எரர் வந்தா கண்டுக்காம அடுத்த வரிக்குப் போன்னு அர்த்தம். நெட்ல சுத்தற நிறைய மெயில் மேக்ரோல இந்த வரி இருக்கும், எரர் பாக்ஸ் வராம இருக்கறதப் பாத்து நம்மாளுங்களும் கோட் வேல செய்யுதுன்னு நம்பிடுவாங்க.

பில் எப்படி மாறுச்சுன்னு பாருங்க. 40வது ரோல இருக்கறவரோட ஃபைல் 'பாத்'த, அதாவது ஃபைல் இருக்கற இடத்த, விலுக்கப் (பேர வச்சு இன்னொரு ஷீட்ல தேடற ஃபங்ஷன்) சரியா எடுத்து வேரியபிள்ல, அதாவது கோட் மதிப்ப வச்சுக்கற டப்பால, போட்டுடுச்சு. 41வது ரோல பேருக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் கூடுதலா இருக்குன்னு வைங்க, விலுக்கப்புக்கு ஆள் கிடைக்கல, எரர். அந்த வரி நடக்கவே இல்ல, அதனால வேரியபிள்ல 40வது ஆளோட பாத் அப்படியே உக்காந்திருக்கு. அடுத்த வரி அத எடுத்து 41வது ஆளுக்கு ஒட்டி அனுப்பிடுது. ஒரு சத்தமும் வராது.

என்னக் கேட்டா அந்த வரியத் தூக்குங்க, விலுக்கப்பையும் கோட்லருந்து எடுத்துட்டு ஷீட்லயே ஃபார்முலாவா போட்டுடுங்க. கிடைக்காத ரோல '#N/A'ன்னு எரர் பளிச்சுனு தெரியும், அனுப்பறதுக்கு முன்னாடியே கண்ணால பாத்து சரி பண்ணிடலாம். கோட்ல முதல்ல 'இஸ்எரர்' ஃபங்ஷன வச்சு பாத் எரரான்னும், அடுத்து அது காலியா இருக்கான்னும் பாத்துட்டு, அப்புறம் 'டிர்' ஃபங்ஷன வச்சு அந்த ஃபைல் நிஜமாவே அங்க இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அந்த ஆள விட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போகட்டும்.

ரெண்டு தடவ போனதுக்குக் காரணம் இன்னும் சிம்பிள், யாருக்கு அனுப்பியாச்சுங்கறது மேக்ரோவுக்குத் தெரியாது, நீங்க திரும்ப ஓட்டினா முதல் ஆள்லருந்து ஆரம்பிக்கும். ஷீட்ல 'ஸ்டேட்டஸ்'னு ஒரு காலம் (column) சேருங்க. செண்ட் வரிக்கு அடுத்த வரியிலயே அந்த செல்ல தேதி, நேரம் எழுதணும், லூப் (ஒவ்வொரு ரோவுக்கும் திரும்பத் திரும்ப ஓடற பகுதி) ஆரம்பத்துல அந்த செல் காலியா இல்லன்னா தாண்டிப் போயிடணும். முக்கியமா ஒவ்வொரு ரோ முடிஞ்சதும் ஒர்க்புக்க சேவ் பண்ணிடுங்க, இல்லன்னா எக்செல் தொங்கினா ஸ்டேட்டஸும் சேந்து போயிடும், பழைய கததான். கொஞ்சம் மெதுவாகும், 180 பேருக்கு ஒண்ணும் பெரிசில்ல. ஆனா ஸ்டேட்டஸ்ல தேதி விழுந்தா அவுட்லுக் கிட்ட குடுத்தாச்சுன்னுதான் அர்த்தம், ஐடி தப்பா இருந்து திரும்பி வந்தா அது இன்பாக்ஸ்லதான் தெரியும்.

செண்டுக்கு பதிலா முதல்ல 'சேவ்'னு போட்டு, ஸ்டேட்டஸ் எழுதற வரிய மட்டும் நிறுத்தி வச்சு ஓட்டுங்க. மெயில் எல்லாம் டிராஃப்ட்ஸ்ல வந்து உக்காரும், நாலஞ்சத் திறந்து பேரு, தொகை, பில் மூணும் ஒரே ஆளோடதான்னு பாத்துக்கலாம். சிலர் மெயில ஸ்கிரீன்ல திறந்து காட்டற 'டிஸ்ப்ளே' போடச் சொல்லுவாங்க, மூணு ரோவுக்கு ஓகே, 180க்கு போட்டா 180 விண்டோ திறந்து நிக்கும்.

உங்க கோட்ல இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு, கெடு தேதிய செல்லோட 'டெக்ஸ்ட்'லருந்து எடுத்திருக்கீங்க. காலம் அகலம் பத்தலன்னா ஸ்கிரீன்ல ஹாஷ் ஹாஷா தெரியும்ல, மெயிலுக்கும் அதேதான் போகும். வேல்யூவ எடுத்து ஃபார்மேட் ஃபங்ஷன்ல போட்டுடுங்க.

அப்புறம், புது அவுட்லுக்குக்கு மாறிட்டா இந்த மேக்ரோ எதுவுமே ஓடாது, கிளாசிக் அவுட்லுக்தான் வேணும். அது இல்லன்னா கூகுள் ஷீட்ஸ்ல ஆப்ஸ் ஸ்கிரிப்ட்ல (கூகுளோட மேக்ரோ மாதிரி) இதையே பண்ணலாம், ஆனா சாதாரண ஜிமெயில் கணக்குக்கு ஸ்கிரிப்ட் மூலமா ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுப்ப முடியும், ஆபீஸ் ஒர்க்ஸ்பேஸ் கணக்குன்னா 1,500. சாதாரண கணக்குன்னா உங்க 180 பேர ரெண்டு நாளா பிரிச்சு அனுப்பணும், அங்கயும் அந்த ஸ்டேட்டஸ் காலம் இல்லாம வேலைக்கு ஆகாது.

பில் மாறிப் போன அந்த ரெண்டு பேர் விஷயம். அனுப்பின மெயிலத் திரும்ப எடுக்கற ரீகால் பட்டன நம்பாதீங்க, அது ஒரே கம்பெனி எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வருக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான், வெளி ஐடிக்கு எடுபடாது. இன்னிக்கே கையால ரெண்டு வரி டைப் பண்ணி, அந்த பில் உங்களோடது இல்ல, டெலிட் பண்ணிடுங்கன்னு சொல்லி சரியான பில்ல சேத்து அனுப்பிடுங்க. யாரோட பில் வெளிய போச்சோ அவங்களுக்கும் சொல்லிடுங்க.