நடாலின் மணிக்கட்டும் நம் ஐந்நூறு வெள்ளியும்

டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் கட்டி ஆடிய ரிஷார் மில் நிறுவனக் கைக்கடிகாரத்தைப் பற்றிக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

செந்தூல்: அண்ணே, ஒரு வாட்ச் பத்து லட்சம் டாலராமே! அப்படி அதில் என்னதான் இருக்கிறது?

விலைக்குக் காரணம் தங்கமோ வைரமோ இல்லை தம்பி. 2020-இல் வந்த ஆர்எம் 27-04 மாடலைப் பாருங்கள். 0.27 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றை எஃகுக் கம்பியை டென்னிஸ் மட்டையின் நரம்புபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அந்த வலையில்தான் இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். பந்தை அடிக்கும்போது கையில் ஏறும் அதிர்வை வலை வாங்கிக்கொள்ளும். வாரையும் சேர்த்து எடை 30 கிராம்தான். மொத்தமே 50 கடிகாரங்கள் செய்தார்கள்.

இன்னொரு டென்னிஸ் வீரர் ஃபெடரர் ரோலக்ஸ் கட்டினார், ஆனால் ஆட்டம் முடிந்து கோப்பை வாங்கும் நேரத்தில்தான். நடால் ஆட்டம் முழுவதும் கட்டியே ஆடினார். இடக்கை ஆட்டக்காரர் என்பதால் வலக்கையில் கட்டினார். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்காமல் வியர்வையிலும் மண்ணிலும் உழைத்த கடிகாரம் அது. என் மதிப்பு அதற்குத்தான்.

பட்டர்வொர்த்: என்னிடம் ஐந்நூறு வெள்ளிதான் (ரிங்கிட்) இருக்கிறது. அதுபோல ஒன்று கிடைக்குமா?

அதில் உங்களுக்கு எது பிடித்தது என்று முதலில் யோசியுங்கள்.

இலேசாக இருப்பது பிடித்திருந்தால், கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989-இலிருந்து வருகிறது. எடை 21 கிராம், அதாவது நடாலுடைய அந்த 30 கிராமைவிடக் குறைவு! நூற்றைம்பது வெள்ளிக்குள் வாங்கிவிடலாம். பேட்டரி ஏழு வருடம் வரும். கட்டியிருப்பதே மறந்துபோகும்.

அடி தாங்குவது பிடித்திருந்தால் அதே கேசியோவின் ஜி-ஷாக் ஜிஏ-2100. எண்கோண முகப்பு, 51 கிராம், 200 மீட்டர் நீர்த் தாங்குதிறன். உங்கள் ஐந்நூறு வெள்ளியை ஒட்டியே விலை இருக்கும்.

உள்ளே இயந்திரம் ஓடுவதைப் பார்க்க ஆசை என்றால் இன்னும் சில மாதம் சேர்த்து வையுங்கள். 4ஆர்36 என்ற ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறும்) இயந்திரம் உள்ள சீக்கோ 5 வாங்கலாம். கையை மெல்ல அசைத்தால் பின்பக்கக் கண்ணாடி வழியே அரைவட்டத் தகடு சரேலென்று சுழன்று வருவது தெரியும். விநாடி முள் டக் டக்கென்று குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு 45 விநாடி முந்தினாலோ 35 விநாடி பிந்தினாலோ கம்பெனிக் கணக்கில் அது சரிதான். பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம்.

பாயான் லெப்பாஸ்: பினாங்குக் கடற்கரையான பத்து ஃபெரிங்கியின் இரவுச் சந்தையில் அச்சு அசல் மாதிரியே போலிக் கடிகாரம் விற்கிறார்களே?

வேண்டாம். போலி முத்திரை விற்பது நம் நாட்டில் குற்றம். அது ஒரு பக்கம் இருக்கட்டும், பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல போலிகளில் முகப்பிலுள்ள குட்டி வட்டங்கள் வெறும் அலங்காரம், பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நகராது. தண்ணீர் பட்டால் உள்ளே ஆவி படியும். ரிப்பேருக்குக் கொண்டுபோனால் பாதிக் கடைகளில் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதே காசுக்கு நல்ல கேசியோ வருகிறது. யார் கேட்டாலும் பெயரைச் சொல்லிக் கையை நீட்டலாம்.

பிரிக்பீல்ட்ஸ்: டிஸ்ஸோ பிஆர்எக்ஸ் தவணையில் எடுக்கலாமா சார்?

அருமையான கடிகாரம். அதில் பவர்மேட்டிக் 80 என்ற ஆட்டோமேட்டிக் வகையை முழுசாகச் சாவி கொடுத்துக் கழற்றி வைத்தால் 80 மணி நேரம் ஓடும். ஆனால் ஆசைக்கு வாங்கும் பொருளுக்குக் கடன் கூடாது என்பது என் முடிவு. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வகை விலை குறைவு, முகம் கிட்டத்தட்ட அதே. பணம் சேர்த்து அதை எடுங்கள்.

கெப்போங்: மகள் பூப்பந்து ஆடுகிறாள். கடிகாரத்தோடு ஆடலாமா தம்பி?

டிஜிட்டல் என்றால் தாராளமாக ஆடலாம் அக்கா, மட்டை பிடிக்காத கையில் கட்டச் சொல்லுங்கள். முள் ஓடும் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிடட்டும். நடாலுடையதுபோல வலைக் கம்பி நம் கடிகாரத்தில் கிடையாது.

ஜார்ஜ் டவுன்: பழைய சீக்கோ 5 இணையத்தில் மலிவாக வருகிறதே, நம்பலாமா?

முகப்பு பளபளவென்று ஆரஞ்சு, பச்சை என மின்னினால் எச்சரிக்கை. பழைய முகப்பில் புதுச் சாயம் பூசி மும்பையிலிருந்து வருபவை ஏராளம். படத்தைப் பெரிதாக்கி எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். மறுசாயம் என்றால் ஓரம் கசிந்திருக்கும், மணிக்கோடுகள் சற்றே கோணலாக இருக்கும். பின்மூடியைத் திறந்து எடுத்த படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

வாங்கியதும் தோல் வாரை மாற்றி ரப்பரோ நைலானோ போடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் தோல் சீக்கிரம் நாறிப்போகும்.