கணினி கேள்வி-பதில்: அரிசி போச்சு, கடன் ஏறலே!

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் சாமான் கடை வைத்திருக்கிறோம். தோட்டத்து ஆட்கள் சம்பள நாள் வரை கடனில் வாங்குவார்கள். கடன் எழுதும் 555 நோட்டை விட்டுவிட்டு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் நானே ஒரு புரோகிராம் எழுதினேன். பில் போட்டால் இருப்பு குறைய வேண்டும், கடன் ஏற வேண்டும். சில பில்களில் அரிசி குறைகிறது, கடன் ஏறுவதில்லை. டிரான்சாக்‌ஷன் போட்டேன், எரர் வந்தால் பிடிக்கவும் எழுதினேன். ஏன் சரியாகவில்லை?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய புரோகிராமைப் பார்த்தேன். பல கட்டளைகளை ஒரே கட்டாக்குவதுதான் டிரான்சாக்‌ஷன். அதைத் தொடங்கும் பிகின் இருக்கிறது, முடித்து நிரந்தரமாக்கும் கமிட் இருக்கிறது. எரரைப் பிடிக்கிற இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. பிடித்த எரரை விழுங்கிவிட்டு நேராக கமிட்டுக்குப் போயிருக்கிறீர்கள்.

உள்ளே ஓர் எரர் வந்தால் முழுவதும் தானாக ரத்தாகிவிடும் என்றுதான் பலரும் நம்புகிறோம். மைஎஸ்கியூஎல் அப்படியில்லை. உங்களுக்கு வந்திருப்பது எரர் எண் 1062, அதாவது அதே பில் எண் இரண்டாம் முறை. அதற்கு அந்த ஒரு கட்டளை மட்டும்தான் ரத்தாகும். முந்தைய வரியில் குறைத்த அரிசி அப்படியே நிற்கும். நீங்கள் கமிட் சொன்னதும் நிரந்தரமாகிவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் என்றால் முரண்டு பிடித்திருக்கும்: ஓர் எரர் வந்தபின் ரோல்பேக் (கட்டு முழுவதையும் ரத்தாக்கும் கட்டளை) சொல்லும்வரை வேறு எதையும் கேட்காது, கமிட் கொடுத்தாலும் ரோல்பேக்தான் செய்யும்.

நான் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக இருந்தவன். அரிசி அட்வான்ஸை ஒரு புத்தகத்திலும் சம்பளப் பதிவேடான செக்ரோலிலும் எழுத வேண்டும். ஒரு நாள் முதல் புத்தகத்தில் எழுதி முடித்த நேரம் துரை கூப்பிட்டார். திரும்பி வந்து அடுத்த பெயரில் ஆரம்பித்துவிட்டேன். சம்பளத்தன்று அந்த ஆள் முழுச் சம்பளத்தோடு போனார், 38 வெள்ளி என் பையிலிருந்து போனது. உங்கள் புரோகிராம் செய்வதும் அதேதான்.

ஆகவே எரரைப் பிடித்ததும் முதலில் ரோல்பேக். அப்புறம் அதைப் பதிவுக் கோப்பில் எழுதி, திரையிலும் காட்டுங்கள். கவுண்டரில் நிற்பவருக்குப் பில் விழவில்லை என்று தெரிய வேண்டும். பில் எண்ணை 'கடைசி எண் கூட்டல் ஒன்று' என்று எடுக்காதீர்கள். இரண்டு கவுண்டரும் ஒரே நொடியில் ஒரே எண்ணைப் பார்த்துவிடும். தரவுத்தளமே அடுத்த எண்ணைக் கொடுக்கும் ஆட்டோ இன்கிரிமெண்ட் வையுங்கள். ரோல்பேக் ஆனால் நடுவில் ஓர் எண் விடுபடும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

1213 வந்தால் டெட்லாக்: ஒரு கவுண்டர் அரிசியைப் பிடித்துக்கொண்டு சீனிக்குக் காத்திருக்க, மற்றது சீனியைப் பிடித்துக்கொண்டு அரிசிக்குக் காத்திருக்கும். இதற்கு மட்டும் ஒரு தரப்பு முழுதாக ரத்தாகிவிடும், பிகினிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். பொருள்களை எப்போதும் குறியீட்டு எண் வரிசையில் தொட்டால் இது பெரும்பாலும் வராது.

ரசீது அச்சடிப்பதை கமிட்டுக்குப் பிறகு வையுங்கள். இப்போது நடுவில் இருக்கிறது. பிரிண்டரில் காகிதம் தீர்ந்தால் அரிசி வரிசை பூட்டியபடி கிடக்கும், அடுத்த கவுண்டர் 50 விநாடி காத்திருந்து, நேரம் முடிந்தது என்ற எரர் 1205 வாங்கிக்கொள்ளும்.

அட்டவணைகளின் சேமிப்பு வகை இன்னோடிபியா என்றும் பாருங்கள். பழைய வகையான மைஐசம் என்றால் ரோல்பேக் என்பதே கிடையாது.

555 நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் அதிலும் எழுதுங்கள் தம்பி.